மாடி அறையில் ஹாம் ரேடியோ: எந்த வயர், எங்கே எர்த்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். தென்காசி அருகே சொந்த வீடு. இந்த வயதில் படித்துத் தேர்வெழுதி, ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான ஜெனரல் கிரேடு உரிமம் பெற்றிருக்கிறேன். மாடியில் உள்ள சிறிய அறையை ரேடியோ அறையாக்கப் போகிறேன். அனுப்பவும் கேட்கவும் ஒரே கருவியான 100 வாட் டிரான்ஸீவர் வாங்கியாகிவிட்டது. பின்னாளில் அதன் சக்தியைக் கூட்டும் லீனியர் ஆம்பிளிஃபயர் ஒன்றும் வைக்க எண்ணம். எங்கள் எலக்ட்ரீஷியன், கீழே இருக்கும் மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுக்க வேண்டும், ரேடியோவுக்கென்று தனி எர்த் குழி போட்டு அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் வைக்க வேண்டும் என்கிறார். ஹாம் நண்பர் ஒருவர் 1.5 ஸ்கொயரே போதும் என்கிறார். என் யோசனை வேறு. இன்வெர்ட்டர் பேட்டரி கீழே இருப்பதால் ரேடியோவின் பவர் சப்ளையையும் அதன் அருகிலேயே வைத்து, 12 வோல்ட்டை மட்டும் 4 ஸ்கொயர் வயரில் மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். தூரம் 12 மீட்டர் வரும். வீடு கட்டி 15 ஆண்டுகள் ஆகின்றன. எது சரி?

பதில்: ஐயா, வணக்கம். ஓய்வுக்குப் பிறகு தேர்வெழுதி உரிமம் வாங்கிய உங்களை முதலில் மனமாரப் பாராட்டுகிறேன். நான் மின் ஒப்பந்தப் பணி செய்பவன். பல ஆண்டுகளாக ஹாம் உரிமமும் வைத்திருக்கிறேன். நல்ல ரேடியோவையும் நல்ல ஆன்டெனாவையும் வாங்கிவிட்டு, வயரிங்கை மட்டும் கடைசி நேரத்தில் யாரிடமாவது ஒப்படைத்துவிடுவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. சுவர் உடைக்கும் முன்பே நீங்கள் கேட்டது நல்லது.

மூவர் சொன்ன யோசனைகளில் 4 ஸ்கொயர் வயரும் 1.5 ஸ்கொயரும் ஆபத்தானவை அல்ல. ஒன்று தேவைக்கு மேல், மற்றொன்று தேவைக்குச் சற்றுக் கீழ். உங்கள் 12 வோல்ட் யோசனை வேலை செய்யாது. தனி எர்த் யோசனை உயிருக்கு ஆபத்து. எனவே அந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் 230 வோல்ட் பக்கம். 100 வாட் ரேடியோ என்றதும் பெரிய சுமை என்று தோன்றும். உண்மையில் அப்படியில்லை. இந்த வகை ரேடியோக்கள் முழு சக்தியில் ஒலிபரப்பும்போது 13.8 வோல்ட்டில் 20 முதல் 23 ஆம்பியர் இழுக்கின்றன. பலரும் வைத்திருக்கும் ஐகாம் ஐசி-7300க்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 21 ஆம்பியர். 13.8ஐ 21ஆல் பெருக்கினால் 290 வாட். 230 வோல்ட்டை 13.8 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் 340 வாட் அளவில் நிற்கும். பவர் ஃபேக்டர் மோசமாக இருக்கும் மலிவான எஸ்எம்பிஎஸ் வகைப் பவர் சப்ளை என்றாலும் 230 வோல்ட் வயரில் ஓடுவது இரண்டரை ஆம்பியருக்குள்தான். சமையலறை மிக்ஸியின் கணக்குதான் இது.

மெயின் போர்டிலிருந்து உங்கள் மேசை வரை வயர் 18 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 36 மீட்டர். 2.5 ஸ்கொயர் செப்பு வயரின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 8 மில்லி ஓம். மொத்தம் 0.29 ஓம். இரண்டரை ஆம்பியருக்கு இழப்பு முக்கால் வோல்ட்டைக்கூடத் தாண்டாது. 230இல் அது ஒரு பொருட்டே அல்ல. நாளை 500 வாட் லீனியர் வைத்து, அது 6 ஆம்பியர் இழுத்தாலும் இழப்பு இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். லீனியர் வாங்கும்போது உங்கள் உரிமம் அனுமதிக்கும் சக்தியின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

ஆகவே 2.5 ஸ்கொயர், ஒற்றை இழை அல்லாத பல இழைச் செப்பு வயர், மெயின் போர்டிலிருந்து ரேடியோ மேசைக்கு மட்டும் தனிச் சுற்று. இதுதான் என் பரிந்துரை. 1.5 ஸ்கொயர் சுமையைத் தாங்கும் என்ற உங்கள் நண்பரின் கணக்கில் தவறில்லை. ஆனால் 16 ஆம்பியர் சாக்கெட் வைக்கப்போகும் சுற்றுக்கு அது பொருந்தாது. மேசையில் 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் வீட்டில் யாராவது ஒருநாள் அதில் இஸ்திரிப்பெட்டியையோ ஹீட்டரையோ செருகத்தான் செய்வார்கள். வயரின் தடிமனை ரேடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சாக்கெட்டையும், மின்னோட்டம் மிகும்போது தானே அணையும் எம்சிபியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அறைக்கு ஏசி போடும் எண்ணமிருந்தால் அந்த 4 ஸ்கொயரை ஏசிக்கென்று தனியாக இழுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே சுற்றில் சேர்க்க வேண்டாம்.

வயர் வாங்கும்போது சுருளில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்ஆர்எல்எஸ் வகை, தீப்பிடித்தால் புகை குறைவாக வரும். மாடி அறைக்கு அதையே எடுங்கள். ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கருப்பு, எர்த்துக்குப் பச்சை என்று மூன்று நிறத்திலும் தனித்தனிச் சுருள் வாங்குங்கள். மிச்சம் பிடிப்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தை இழுத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் உங்கள் பேரனாகவும் இருக்கலாம். எர்த் வயரும் ஃபேஸ் வயரின் அதே தடிமன், அதாவது 2.5 ஸ்கொயர் இருக்க வேண்டும்.

இனி உங்கள் சொந்த யோசனை. பவர் சப்ளையைக் கீழே வைத்து 13.8 வோல்ட்டை மேலே அனுப்புவது கேட்க அழகாக இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் அறைக்குள் வராது, பேட்டரியும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் கணக்கு இடம் தரவில்லை. 12 மீட்டர் என்றால் போகவர 24 மீட்டர். 4 ஸ்கொயர் வயர் மீட்டருக்குச் சுமார் 5 மில்லி ஓம். மொத்தம் 0.12 ஓம். பார்வைக்குச் சின்ன எண். 21 ஆம்பியரால் பெருக்கினால் இரண்டரை வோல்ட் வயரிலேயே போய்விடுகிறது. 13.8 வோல்ட்டில் புறப்பட்டது ரேடியோவுக்கு 11.3 வோல்ட்டாகத்தான் போய்ச் சேரும். இந்த ரேடியோக்கள் 13.8 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 15 சதவீதம் வரைதான் பொறுக்கும். கீழ் எல்லை 11.7. மைக்கில் நீங்கள் குரல் உயர்த்தும் ஒவ்வொரு முறையும் வோல்ட்டேஜ் அந்த எல்லைக்குக் கீழே விழும். உங்கள் குரல் கரகரக்கும், அலைவரிசை நடுங்கும், சில ரேடியோக்கள் அப்படியே அணைந்து மீண்டும் எழும். மின்சாரம் போய் பேட்டரியில் ஓடும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் பேட்டரி புறப்படுவதே 12.5 வோல்ட் அளவில்தான்.

இதைச் சரிசெய்ய 16 ஸ்கொயர் கேபிள் போட்டாலும் 0.6 வோல்ட் இழப்பு இருக்கும். அந்தக் கேபிளின் விலையில் நல்ல பவர் சப்ளை ஒன்றே வாங்கிவிடலாம். வீட்டுக்குள் 12 மீட்டர் ஓடும் அந்த இரு வயர்களும் நீங்கள் அனுப்பும் ரேடியோ அலையைப் பிடித்துக் கீழே பேட்டரி வரை கொண்டுபோகும் என்பது அடுத்த தொல்லை. ஆகவே நீண்ட தூரத்தை 230 வோல்ட் கடக்கட்டும். 13.8 வோல்ட் ஒன்றரை மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

அந்த ஒன்றரை மீட்டரில்தான் தடிமனுக்குக் காசு செலவழிக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து ரேடியோவுக்கு 6 ஸ்கொயர் செப்பு வயர் போடுங்கள். இழப்பு 0.2 வோல்ட் அளவில் நிற்கும். சிவப்பும் கருப்பும் ஒட்டிவரும் ஸ்பீக்கர் வயரை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் மலிவான வகைகளில் பல, மேலே செப்பு பூசிய அலுமினியம். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்தின் மின்தடை செப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். திருகு முனையில் அது நாளடைவில் தளர்ந்தும் போகும்.

முனைகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கச் சொல்லி அழைக்கப்பட்ட ரேடியோ அறைகளில் பழுது பெரும்பாலும் வயரில் இருந்ததில்லை, முனையில்தான் இருந்தது. பல இழை வயரின் நுனிக்கு ஈயம் பூசித் திருகுக்குள் இறுக்குவது நேர்த்தி என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் மென்மையான உலோகம். அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், பிடி தளரும், 20 ஆம்பியர் ஓடும்போது அந்த இடம் கொதிக்கும். வயரின் நுனியில் மாட்டும் செப்பு லக்கைச் சரியான அளவில் வாங்கி, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, பிறகு திருகில் பூட்டுங்கள். கழற்றி மாட்டும் இடங்களில் ஆண்டர்சன் பவர்போல் இணைப்பிகள் போடலாம். ஹாம்கள் உலகம் முழுவதும் அதைத்தான் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

பேட்டரி வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தைக் கைவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் தொலைபேசி துண்டிக்கப்பட்டுக் கிடந்த தீவுகளிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். மின்சாரம் போனாலும் பேச முடியும் என்பது இந்தப் பொழுதுபோக்குக்கு இருக்கும் பெரிய கௌரவம். அதற்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி தேவையில்லை. மேசைக்கு அருகிலேயே தனியாக 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ கேட்கும்போது ஓர் ஆம்பியர் அளவுதான் எடுக்கும். சக்தியைக் குறைத்துப் பேசினால் 20 ஆம்பியர்-மணி பேட்டரியே ஒரு மாலை முழுக்கத் தாங்கும். 21 ஆம்பியரும் இழுத்துப் பேச வேண்டுமென்றால், பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்று அந்த அளவை அனுமதிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேயாக வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் இதை அலட்சியம் செய்கிறார்கள். ஷார்ட் ஆகி, காப்புச் சுற்றும் கைவிட்டால் அந்தச் சின்னப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் சிவந்து மேசை பற்றும்.

இப்போது எர்த். இதை மட்டும் உங்கள் எலக்ட்ரீஷியனுடன் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். ரேடியோவுக்குத் தனி எர்த் என்பது இங்கே வேரூன்றிப் போன நம்பிக்கை. வீட்டு எர்த்தில் இரைச்சல் வரும், தனிக் குழி என்றால் சுத்தமாக இருக்கும் என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

எர்த் எதற்கு இருக்கிறது என்று பார்ப்போம். பவர் சப்ளைக்குள் ஃபேஸ் வயர் அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தனிக் குழியோடு இணைந்திருக்கிறது. குழியின் மின்தடை 10 ஓம், அதுவே சுமாரான நல்ல குழிதான். அதன் வழியாக ஓடக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம் 23 ஆம்பியர். உங்கள் 16 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி உடனடியாக விழ வேண்டுமென்றால் 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியருக்கு அது நிமிடக்கணக்கில் யோசிக்கும். அதுவரை உங்கள் ரேடியோவின் உடம்பு முழுவதும் மின்சாரம். கையில் மைக், காதில் ஹெட்ஃபோன்.

வீட்டு எர்த்தோடு சேர்த்தால் மட்டும் எம்சிபி விழுந்துவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலான வீடுகளுக்குக் கம்பத்திலிருந்து ஃபேஸும் நியூட்ரலும்தான் வருகின்றன. எர்த் என்பது நம் கொல்லையில் நாம் போட்ட குழிதான். ஆகவே அங்கும் எம்சிபியை நம்ப முடியாது. உயிரைக் காப்பது, எர்த்துக்கு மின்சாரம் கசிந்ததும் சுற்றை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உங்கள் வீட்டில் அது இல்லையென்றால் ரேடியோவுக்கு முன்னால் அதை வாங்குங்கள். 15 ஆண்டுக்கு முந்தைய வீடு என்பதால் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இருக்கிறது என்றால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். ரேடியோ சுற்றுக்கு மட்டும் எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஆர்சிபிஓ ஒன்றை 16 ஆம்பியர், 'சி' வளைவு, 'ஏ' வகை என்று கேட்டு வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் கருவிகளின் கசிவுக்கு 'ஏசி' வகையைவிட 'ஏ' வகைதான் பொருத்தம்.

தனி எர்த்தின் இரண்டாவது ஆபத்து மின்னல். குற்றாலத்து மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்குச் சித்திரை, வைகாசி இடிமழையையும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அருகில் எங்காவது மின்னல் விழுந்தால் நிலத்தின் வெவ்வேறு இடங்களில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபடும். கொல்லைப்புறக் குழியில் ஓர் அழுத்தம், முன்வாசல் குழியில் வேறோர் அழுத்தம். ஒன்று ஆன்டெனா கேபிள் வழியாகவும் மற்றொன்று பவர் வயர் வழியாகவும் உங்கள் மேசைக்கு வருகின்றன. அந்த வேறுபாடு சமனாவதற்கு இருக்கும் ஒரே பாதை உங்கள் ரேடியோ. நீங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் நீங்களும்.

எனவே ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு நேர் கீழே ஓர் எர்த் எலெக்ட்ரோடு போடுங்கள். அதில் தவறில்லை, அது தேவையும்கூட. ஆனால் அதை வீட்டு எர்த்தோடு 16 ஸ்கொயர் செப்புக் கம்பியால், வீட்டுக்கு வெளியே, சுவரோரமாகக் கொண்டுபோய் இணைத்துவிடுங்கள். ஐ.எஸ். 3043 என்ற எர்த்திங் நெறிமுறை எத்தனை எலெக்ட்ரோடு வேண்டுமானாலும் போட இடம் கொடுக்கும். ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் தயங்கினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். இணைப்பதற்கு முன் எர்த் மெக்கரால் இரண்டு குழியையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்படியானால் ரேடியோ அலைக்கான எர்த்? மாடியிலிருந்து கீழே இறங்கும் பச்சை வயர் 50 ஹெர்ட்ஸுக்கு அருமையான எர்த். ரேடியோ அலைக்கு அது எர்த்தே அல்ல. ஐந்து மீட்டர் வயரின் இன்டக்டன்ஸ் மைக்ரோ ஹென்ரி கணக்கில் ஐந்துக்கு மேல் வரும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 200 ஓமைத் தாண்டிய தடை. 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளத்தின் கால் பாகம் 5.3 மீட்டர், அதாவது உங்கள் எர்த் வயரே ஒரு ஆன்டெனாவாகிவிடும். மைக்கை உதட்டருகே கொண்டுபோனால் சுருக்கென்று குத்துவது இதனால்தான். வயரைத் தடியாக்கினால் தீராது. 7 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. எனவே மேசையிலுள்ள பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தடித்த வட்ட வயருக்குப் பதில் அகலமான செப்புப் பட்டையைப் பயன்படுத்துங்கள், குட்டையாக. ஆன்டெனாவையும் எர்த் கேட்காத வகையாகத் தேர்ந்தெடுங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் நீளமுள்ள, இரு பக்கமும் சம நீளக் கம்பி கொண்ட டைபோல், நடுவில் கேபிளின் வெளிப்புறத்தில் அலை ஓடாமல் தடுக்கும் 1:1 கரன்ட் பாலன். உங்கள் மொட்டை மாடியில் மூலைவிட்டமாகக் கட்டினால் போதும். அதுதான் பிரச்சினையை வேரிலேயே அறுக்கும் வழி.

அந்த டைபோலைக் கட்டும்போது மின்வாரியக் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள். ஆன்டெனா அறுந்தாலும், கம்பம் சாய்ந்தாலும், எந்தத் திசையில் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். கம்பிக்கு மேலேயோ கீழேயோ குறுக்கே கட்டவே கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் உயிர்கள் போயிருப்பதில் முதல் காரணங்களில் ஒன்று இது. நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மின்னல் காலத்துக்கு இன்னும் இரண்டு வார்த்தை. மெயின் போர்டில் டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் வையுங்கள். கேபிள் நுழையும் இடத்தில் கேஸ் டியூப் அரெஸ்டர் ஒன்றும் பூட்டுங்கள். இவை இரண்டும் தூரத்து இடிக்குத்தான். நேரடி மின்னலை எந்தச் சாதனமும் தடுக்காது. வானம் கறுத்தால், இடி கேட்பதற்கு முன்பே, கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே வைத்துவிடுங்கள். பவர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. இடி கேட்கத் தொடங்கிவிட்டால் கேபிளைத் தொடாதீர்கள்; அறையை விட்டு இறங்கிவிடுங்கள்.

தனிச் சுற்று வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இரைச்சலும் ஒரு காரணம். ஹாம்களின் காதைக் கெடுப்பது வீட்டு வயரிங்கேதான். 15 ஆண்டுக்கு முந்தைய வீடுகளில் நான் அடிக்கடி காண்பது நியூட்ரலைக் கடன் வாங்குவது: ஃபேஸ் ஒரு சுற்றிலிருந்து, நியூட்ரல் பக்கத்து அறையின் சுற்றிலிருந்து. விளக்கு எரியும், யாருக்கும் தெரியாது. ஆனால் போகும் வயரும் வரும் வயரும் ஒன்றாக ஓடாமல் வீட்டைச் சுற்றிப் பெரிய வளையமாகிவிடும். மாடிப்படி விளக்கின் இருவழி ஸ்விட்சில் இது மிகச் சாதாரணம். கீழே ஃபேஸ் எடுத்து, மேலே நியூட்ரல் எடுத்து முடித்திருப்பார்கள். அந்த வளையம் எல்இடி பல்புகளின் குப்பை அலைகளை உங்கள் ஆன்டெனாவுக்கு அள்ளித் தரும், நீங்கள் அனுப்பும் அலையை வீட்டு வயரிங்குக்குள் இழுத்துக்கொள்ளும். புதிதாக ஆர்சிசிபி போட்டதும் காரணமில்லாமல் விழுகிறது என்றால் இந்தக் கடன் நியூட்ரலைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

ரேடியோ சுற்றின் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரே குழாயில், மெயின் போர்டிலிருந்து மேசை வரை நடுவில் எங்கும் கிளை பிரியாமல் வர வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் இழுப்பதற்கு முன் ஒன்றோடொன்று முறுக்கச் சொல்லுங்கள், அரையடிக்கு ஒரு முறுக்கு. செலவில்லாத வேலை, பலன் நிறைய. பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் ஜிஐ குழாய் போட்டு அதை எர்த்தோடு இணைத்தால் இன்னும் நல்லது. சுவருக்கு வெளியே குழாய் ஓடுவதில் வீட்டில் ஆட்சேபம் இல்லையென்றால் செய்யுங்கள். இன்வெர்ட்டர் லைனிலிருந்து மட்டும் இந்தச் சுற்றை எடுக்க வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் ரேடியோவில் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ரேடியோவைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, கீழே ஒருவர் எம்சிபிகளை ஒவ்வொன்றாக அணைக்கட்டும். எதை அணைத்ததும் இரைச்சல் அடங்குகிறதோ அந்தச் சுற்றில் ஒவ்வொரு கருவியாகத் தேடுங்கள். பெரும்பாலும் மலிவான எல்இடி பல்பு, மின்விசிறி ரெகுலேட்டர், செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், இவற்றில் ஒன்றில் போய் முடியும்.

ஒலிபரப்பும்போது ஆர்சிசிபி விழலாம். இது உங்களுக்கு நடக்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: அப்போது ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். ரேடியோ அலை பவர் வயரில் ஏறுகிறது என்பதுதான் அதன் பொருள். ரேடியோ அலையைத் தடுக்கும் தடித்த ஃபெரைட் வளையத்தில் பவர் வயரை எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். குறுகிய அலைக்கு மிக்ஸ் 31 வகை ஏற்றது. ஒரு சுற்றுக்குப் பலன் சொற்பம். சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டித்தால் பலன் ஏறக்குறைய நான்கு மடங்காகும், ஆகவே கிளிப் போல மாட்டும் சின்ன ஃபெரைட்டை ஒன்று மட்டும் மாட்டிவிட்டு ஏமாற வேண்டாம். வடிகட்டி உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் எர்த்துக்குச் சிறிதளவு மின்னோட்டம் கசியவிடும், 4.7 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றுக்கு மூன்றில் ஒரு மில்லி ஆம்பியர். நான்கைந்து கருவிகள் என்றாலும் 30 மில்லி ஆம்பியருக்குப் பக்கத்தில்கூட வராது. மேசையில் ரேடியோவும் கணினியும் மட்டும் இருக்கும்போதே விழுகிறது என்றால் காரணம் வேறு. மேலே சொன்ன நியூட்ரலையும் ஃபெரைட்டையும் பாருங்கள்.

வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். குழாய் பதித்த சுவரைப் பூசுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் ஆன்டெனா இணைக்கும் இடத்தில் அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடு போட்டு, எஃப்எம் அல்லது சிடபிள்யூ (மோர்ஸ்) முறையில் முழு சக்தியில் பத்து விநாடி ஒலிபரப்புங்கள். மல்டிமீட்டரை ரேடியோவின் பின்புற முனையில் வைத்திருங்கள். பவர் சப்ளை 13.8 காட்டும்போது இங்கே 13.4 அளவில் இருந்தால் உங்கள் வயரிங் தேறிவிட்டது. 13க்குக் கீழே போனால் ரேடியோவையும் சப்ளையையும் அணைத்துவிட்டு லக், ஃபியூஸ் ஹோல்டர், இணைப்பி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை மாற்றுங்கள். பெரும்பாலும் அது ஃபியூஸ் ஹோல்டராகத்தான் இருக்கும்.